நடு ஆற்றுச் சாம்பிள்

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. அப்பா பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ரெண்டா எடுத்தா என்ன குறைப்பீங்க?" என்று கேட்டவர். அந்த வீட்டில் பிறந்தும் பேரம் ஒட்டாமல் வளர்ந்த ஒரே ஜீவன் என் அக்கா. ஆற்றங்கரையில் அவளுக்குப் பெயரே 'ஒரே விலை'.

அவள் படித்துறையின் நீச்சல் காவலர். துறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது எங்கள் கரைக் கடைக்காரர்கள் சங்கம். அவளுக்குச் சம்பளம் கொடுப்பதும் சங்கம்தான். அத்தான் முதுகு பிடித்துப் படுத்த நாளிலிருந்து அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. சிவப்புக் கொடி பறந்தால் படிகளின் குறுக்கே சங்கிலி. பச்சை பறந்தால் இறங்கலாம். தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்த்து, எந்தக் கொடி என்று சொல்வது அக்காவின் வேலை.

அந்த வருடம் கோடை முந்திக்கொண்டு வந்துவிட்டது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. வெயிலைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஆறு ஞாபகம் வந்தது. ஆற்றுக்குத்தான் வெயில் ஞாபகம் வரவில்லை. மேலே மலையில் அப்போதுதான் பனி உருகத் தொடங்கி, அந்தத் தண்ணீர் நேராக இங்கே இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் கோடை, தண்ணீரில் குளிர்காலம். கொடி சிவப்பாகவே நின்றது.

விடுமுறை நாள் காலையில், டியூப் வாடகைக்கு விடும் எங்கள் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் காற்றடைத்த டியூப்கள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன.

"உன் அக்காகிட்ட நீ பேசுப்பா. நீச்சல் டிரஸ் விக்கிறவன் நீ, உனக்கும்தான் சரக்கு தேங்குது."

"அவ இறங்கி வர மாட்டா, தலைவரே."

"ஒரேயடியா இறங்க வேணாம். அஞ்சாறு டிகிரி விட்டுக் குடுத்தா போதும்."

வெப்பமானி முந்தின நாள் வரை நடு ஆற்றில் மிதவையில் தொங்கியது. அதைத் தலைவர் கழற்றி வந்து கடைசிப் படியோரம் கட்டியிருந்தார். முழங்கால் ஆழம், நாள் முழுக்க வெயில், டீக்கடையில் பாத்திரம் கழுவிய சுடுதண்ணீர் விழும் குழாயும் பக்கத்திலேயே. இதில் ஏமாற்று இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. கடைக்கு நல்ல மூலை பார்ப்பதுபோல வெப்பமானிக்கும் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு தவறைச் செய்ய வியாபாரியாகப் பிறந்திருக்க வேண்டும்.

அக்கா மேல்படியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இருபத்திரெண்டு காட்டுது."

"எங்க?"

"படிக்கிட்ட."

"அப்ப படியிலேயே குளிச்சுட்டுப் போகச் சொல்லு. நேத்துப் பாத்தப்ப நடு ஆத்துல பதினொண்ணு."

"பதினொண்ணு, இருபத்திரெண்டு. பதினாறுன்னு முடிச்சுக்கலாமே."

"தண்ணிகிட்ட கேட்டியாடா? அது ஒத்துக்கிச்சா?"

"வேலை போயிடும்க்கா. அத்தானை நினைச்சுப் பாரு."

"அவரையும் நினைச்சுத்தான் சொல்றேன். அவர் முதுகு போனா படுக்கைதான். இங்க ஒருத்தன் மூச்சு போனா அவனை எங்க போய்த் தேடுவே?"

வெறுங்கையோடு திரும்பினேன். தலைவர் தானே வந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கழுத்து விசிலையும் சங்கிலிச் சாவியையும் கேட்டு வாங்கினார்.

"நாளையிலிருந்து வர வேணாம்மா."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான்."

தலைவர் கையாலேயே பச்சைக் கொடி ஏறியது. கூட்டம் கைதட்டியது. சட்டைகள் கழன்றன. முதலில் தலைவர் கடை முன் டியூபுக்கு வரிசை நின்றது.

அக்கா என்னிடம் வந்தாள். "உன் கடையில பெரிய வாளி இருக்குமே. ரெண்டு குடு, ஒரு குவளையும் குடு."

அத்தானின் சின்னப் படகு ஓரமாகக் கட்டிக் கிடந்தது. நடு ஆறு வரை போய், வாளி நிறைய மொண்டு, படி முகப்பில் கொண்டுவந்து வைத்தாள். பிறகு குரலை எடுத்தாள் பாருங்கள். அது எங்கள் அப்பாவின் குரல்.

"வாங்க, வாங்க. நடு ஆத்துத் தண்ணி. இறங்கறதுக்கு முன்னாடி ஒரு குவளை சாம்பிள். காசு கிடையாது."

முதலில் வந்தவர் உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர். நெஞ்சு அவருக்கு ஒரு முழம் முன்னால் நடந்து வந்தது. "ஊத்துங்கக்கா, நமக்கெல்லாம் இது ஜுஜுபி."

பிடரியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. மாஸ்டர் வாய் திறந்தது, மூடவில்லை. மூச்சு உள்ளே போனது, மேலும் உள்ளே போனது, வெளியே வரும் வழியை மறந்தது.

"பேசுங்க மாஸ்டர்," என்றாள் அக்கா.

கையை மட்டும் ஆட்டினார்.

"பாத்தீங்களா, வாய் தானா திறக்குது. இங்க திறந்ததால காத்து உள்ள போச்சு. அங்க முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது திறந்தா எது போகும்? அதுல தப்பிச்சாலும் கொஞ்ச நேரத்துல கை மரத்துடும், கால் மரத்துடும். நீச்சல் தெரிஞ்சவரு, தெரியாதவருன்னு ஆறு ஆள் பாக்காது."

இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு தாய் வாளிக்குள் கை விட்டுப் பார்த்தாள். எடுத்த கையோடு பிள்ளைகளுக்குத் திரும்பச் சட்டை மாட்டினாள்.

"இது என்ன அநியாயம்?" என்று தலைவர் பாய்ந்து வந்தார். "சங்கத்து இடத்துல நின்னுக்கிட்டு..."

எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிட்டது. "தலைவரே, சாம்பிள் குடுக்கறது கரையில எல்லாருக்கும் உண்டுன்னு நீங்கதானே சங்கத்துல தீர்மானம் போட்டீங்க?"

"நீ யார் பக்கம்டா?"

"வாளி என் கடை வாளி."

காலையில் என்னிடம் நீச்சல் உடை வாங்கியவர்கள் திருப்பித் தர வந்து நின்றார்கள். வாங்கிக்கொண்டேன். எங்கள் பரம்பரையில் இது முதல் தடவை. அப்பா பார்த்திருந்தால் மீதிப் பல்லும் விழுந்திருக்கும்.

ஆனால் தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. ஒரு டியூபை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவசரப்படாதீங்க. வெயில் ஏறட்டும். வாளித் தண்ணி எவ்வளவு நேரம் சில்லுனு இருக்கும்?" என்று கூட்டத்துக்குச் சமாதானம் சொன்னார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது ஓர் இளைஞன் குவளையை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். "நல்லாத்தானே இருக்கு? இதுக்கா இவ்வளவு பயம்?" என்று ஒரு படி இறங்கினான். அவன் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். தலைவர் டியூபைத் தட்டித் தாளம் போட்டார்.

அக்கா வாளிக்குள் கை விட்டாள்.

"தம்பி, நில்லுங்க. சரக்கு பழசாயிடுச்சு. பழசைக் காட்டி ஆளை இறக்கறது என் வேலை இல்ல." இரண்டு வாளியையும் படியில் கவிழ்த்தாள். "புதுசு கொண்டு வரேன். அதை ஊத்திக்கிட்டு இதே மாதிரி சிரிங்க, நானே வழி விடறேன்."

இளைஞன் கூட்டத்தைப் பார்த்தான். மாஸ்டர், துண்டைப் போர்த்தியபடி, அவன் தோளில் கை வைத்தார். அவன் படியில் உட்கார்ந்தான். எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

தலைவர் படகு வரைக்கும் ஓடினார்.

"தங்கச்சி, இந்தா விசில். வேலையில சேந்துக்க. மத்ததைப் பேசிக்கலாம்."

"தெர்மாமீட்டர் நடு ஆத்துக்குப் போகணும்."

"போகட்டும், போகட்டும். கால்வாசி தூரம் போகட்டும்."

அக்கா துடுப்பை ஊன்றினாள். படகு கரையை விட்டது.

"சரிம்மா, அரைக்கால் கூட்டிக்க!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இன்னும் இரண்டு வாளி எடுக்கக் கடைக்குப் போனேன்.