உட்காரத் தகுதியானவர்

நீலசந்திராவில் ஹார்ன்பி பிஸ்கட் கம்பெனியின் பின்மதிலை ஒட்டி ஒரு பலாமரம் நின்றது. பிஸ்கட் கம்பெனிக்குப் பலாமரம் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. மெட்ராஸில் இருந்த டைரக்டருக்கு அந்தப் பழம் என்றால் உயிர். ஒவ்வொரு வருடமும் முதல் பழம் ரயிலேறி அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது உத்தரவு. பல வருடமாக ரயிலேறியது வெறும் மன்னிப்புத்தான். பழத்தை அதற்கு முன்பே யாரோ இறக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். டைரக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐம்பத்தொன்பதாம் வருடம் 'பலாமரக் காவலர்' என்று ஒரு வேலையையே உண்டாக்கி அனுப்பினார்.

அதற்கு ஆள் எடுக்க வேண்டியவர் லேபர் ஆபீசர் ஓஸ்வால்ட். அவர் எடுக்கவில்லை. வந்தவர்களில் ஒருவருக்கும் பலாமரம் காத்த முன் அனுபவம் இல்லையாம். அவர் அப்படிப்பட்டவர். சர்ச்சில் பாடும்போது புத்தகத்தில் 'ஆமென்' அச்சாகியிருந்தால்தான் ஆமென் சொல்வார் என்று, அதே பாடகர் குழுவில் பாடுகிற பியாட்ரிஸ் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் சிரிப்பு. மற்ற நாட்களில் அவர் எதிரே வந்தால் அவள் வேறு வழியாகப் போய்விடுவாள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வந்து கம்பெனி டிஸ்பென்சரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள் அவள். டிஸ்பென்சரி வாசலில் 'இன்ஷூர் செய்யப்பட்ட தொழிலாளர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை தொங்கியது. முன்பு இருந்த நர்ஸ், தெருவில் கடலை விற்கிறவன் முழங்காலில் கொஞ்சம் டிங்சர் தடவிவிட்டு, அன்றைக்கே ஓஸ்வால்ட் கையால் வேலை நீக்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள். பியாட்ரிஸுக்குப் படிக்கிற தம்பிகள் இரண்டு பேர். அதனால் கேட்டுக்கு வெளியே யார் விழுந்தாலும் அவள் வேறு பக்கம் பார்க்கப் பழகியிருந்தாள். அது அவளுக்குப் பிடித்த பழக்கம் இல்லை.

மே மாதத்தில் ஒரு மத்தியானம். சாப்பாட்டுச் சங்கு ஊதி எல்லோரும் டிபன் கேரியரைத் திறந்த நேரம், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யோவ்! பழம் வுழுந்துச்சா?"

இந்தப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

"பழம் வுழல. நான் வுழுந்துட்டேன்!"

பியாட்ரிஸ் ஓடினாள். மரத்தடியில் ஒருவன் கையில் கயிறும் இடுப்பில் கத்தியுமாக மல்லாந்து கிடந்தான். மதில் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு அவன் தொடையை நீளமாகக் கிழித்திருந்தது. ரத்தம் குபுகுபுவென்று வந்தது. அவள் யோசிக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றித் தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கேட் வாட்ச்மேன் ஜெயவேலுவைக் கூப்பிட்டு, இருவருமாகத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரி வாசலுக்கு வந்தார்கள். ஏப்ரன் அதற்குள் சிவந்துவிட்டது.

டாக்டர் ஸ்ரீகண்டன் கதவுக்குள் நின்று எட்டிப் பார்த்தார். தையல் போடுவதில் கெட்டிக்காரர். மற்ற எல்லாவற்றுக்கும் பயம்.

"ஏம்மா, இவர் நம்ம ஆளா?"

"இல்ல டாக்டர். பலாப்பழம் திருட வந்தவரு."

"அப்படின்னா உள்ள கொண்டு வராதேம்மா. மாசாமாசம் இன்ஷூரன்ஸ்காரன் வந்து பஞ்சைக்கூட நிறுத்துப் பார்க்கறான். என் வேலையும் போகும், உன் வேலையும் போகும்."

"வேன்ல போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோமா?"

"வேனுக்கும் அதே ரூல்தானே!"

ஜட்கா வண்டி பிடித்து அனுப்பலாம். போய்ச் சேர்வதற்குள் இவன் உடம்பில் சொட்டு ரத்தம் மிஞ்சாது. அது டாக்டருக்கும் தெரியும். அதனால்தான் காயத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் ஊசி இருந்த அலமாரியின் சாவி அவர் சட்டைப் பையில் கிடந்தது. பியாட்ரிஸுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஜெயவேலு, லேபர் ஆபீசரைக் கூட்டிட்டு வாங்க!" என்று கத்தினாள்.

ஓஸ்வால்ட் கழுத்தில் நாப்கினோடு வந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனது. மரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். மனுஷர் கல் நெஞ்சக்காரர் இல்லை, தான் கட்டிய சுவரில் தானே வாசல் தேடுகிறார் என்பது பியாட்ரிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. வாசலை அவள் காட்டினாள்.

"சார், பலாமரக் காவலர் வேலை இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"அதுக்கு என்ன இப்போ?"

"இவரைப் போடுங்க."

"திருடனையா? மேலும் அனுபவம் வேணும், பியாட்ரிஸ்."

கீழே கிடந்தவன் கண்ணைத் திறந்தான். பெயர் பச்சைமுத்து. "மூணு வருசமா இந்த மரத்துக்குத்தான் வந்துகினு கீறேன் சார். எந்தக் கிளையில எத்தினி காய், எது முத்துனது, எது பிஞ்சு, எல்லாம் அத்துப்படி. வேற எவனுக்கு கீது இந்த அனுபவம்?"

வேலை கேட்ட அத்தனை பேரிலும் தகுதியுள்ளவன் இவன் ஒருவன்தான் என்பதை ஓஸ்வால்டால் மறுக்க முடியவில்லை.

"சரி. ஆனா அப்பாயின்ட்மென்டுக்கு முன்னாடி மெடிக்கல் பிட்னஸ் வேணும். ரூல்."

"மனு போட்டவரைப் பரிசோதிக்கலாமா சார்?" என்று டாக்டர் உள்ளேயிருந்து ஆசையாகக் கேட்டார்.

"பரிசோதிக்கலாம். வைத்தியம்தான் கூடாது."

டாக்டர் பாய்ந்து வந்தார். பியாட்ரிஸ் தொடையை அழுத்திக்கொண்டிருக்க, அவர் பச்சைமுத்துவின் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், பல்லை எண்ணினார். "பார்வை நல்லாருக்கு. பல்லும் நல்லாருக்கு. காலுதான்..." என்று இழுத்தார்.

"மரத்தடியில உக்கார்ற வேலைதானே டாக்டர்!" என்றாள் பியாட்ரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. "உக்கார முடியும்னு எழுதுங்க!"

"உட்காருவியாப்பா?"

"உக்காருவேன் சாமி. ஆனா ஒரு விசயம்." பச்சைமுத்துவின் குரல் பாதியாகியிருந்தது. "வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா?"

"உண்டு!" என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

'உட்காரத் தகுதியானவர்' என்று டாக்டர் எழுதினார். ஓஸ்வால்ட் அவர் முதுகிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தின் கடைசிச் சுழி முடிவதற்குள் டாக்டர் சாவியை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க வேண்டுமே! வேலை போய்விடும் என்று பயப்படுகிறவரா இவர் என்று தோன்றும். தைத்து முடித்து, வேனில் ஏற்றி, தானும் கூடவே ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கம்பெனித் தொழிலாளி என்றதும் டிரைவர் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

கேட்டுக்கு வெளியே கூடையோடு காத்திருந்த பச்சைமுத்துவின் மனைவி சின்னத்தாயியிடம் பியாட்ரிஸ் சேதியைச் சொன்னாள். மார்க்கெட்டில் பலாச்சுளை விற்கிறவள் அவள்.

"பொழைச்சுக்குவாரும்மா. அந்த மரத்துக்குக் காவல் வேலையும் கெடச்சிருக்கு."

சின்னத்தாயி முதல் வார்த்தைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டாவது வார்த்தைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, போச்சே! அப்போ இனிமே நான் சொளைக்கு எங்க போவேன்?"

பச்சைமுத்து பிழைத்துக்கொண்டான். கொஞ்சம் கால் தாங்கி நடந்தான், அவ்வளவுதான். அடுத்த மாதம் இன்ஷூரன்ஸ்காரர் வந்து விசாரித்தார்.

"காவலர் எதுக்குய்யா மரத்து மேல ஏறினீங்க?"

"திருடன் எந்தக் கிளையில கால் வெப்பான்னு கீழ உக்காந்தா தெரியுமா சாமி? ஏறிப் பாத்தாத்தானே தெரியும்."

"கையில கயிறு?"

"திருடனைக் கட்ட."

"கத்தி?"

"கயித்தை அறுக்க."

இவ்வளவு பொறுப்பான தொழிலாளியை இதுவரை பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டு அவர் போனார். பியாட்ரிஸ் மருந்து அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வருடம் முதல் பழம் நிஜமாகவே மெட்ராஸுக்கு ரயிலேறியது.

லீவு விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. ஞாயிறு கம்பெனி மூடியிருக்கும். அன்றுதான் திருடர்களுக்கு வசதி. ஆகவே காவலருக்கு லீவு புதன்கிழமை என்றானது. புதன்கிழமை மரத்தை யார் பார்ப்பது? ஓஸ்வால்ட் நெடுநேரம் யோசித்துப் புதிதாக ஒரு ரூல் எழுதினார். காவலில் இருப்பவர் தேவைப்பட்டால் ஒரு பதிலாள் வைத்துக்கொள்ளலாம். பதிலாள் காவலில் இருக்கும்வரை இன்ஷூர் செய்யப்பட்ட தொழிலாளியாகவே கருதப்படுவார். எழுதி முடித்து, தன் கையெழுத்தைத் தானே ரசித்து, ரூல் பைலுக்குள் வைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு ரிடையர்மெண்ட் வந்தது. மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், பியாட்ரிஸ் ஒரு பாட்டுப் பாடினாள். மறுநாள் காலை கோட்டுப் பையில் கையை விட்டவருக்கு ஆபீஸ் சாவி தட்டுப்பட்டது. கம்பெனிச் சொத்து ஓர் இரவு முழுக்கத் தன் வீட்டில் இருந்துவிட்டதே என்று மனுஷர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். கேட்டைத் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

பியாட்ரிஸ் ஓடிப்போய் டையைத் தளர்த்தினாள். உதடு நீலம் பூத்திருந்தது. மரத்தடியிலிருந்து பச்சைமுத்து காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். டாக்டர் ஸ்ரீகண்டன் ஊசியோடு ஓடி வந்தார். பாதியில் நின்றார்.

"ஐயையோ. நேத்தோட பேரு எடுத்தாச்சே."

பியாட்ரிஸ் வாயைத் திறப்பதற்குள் ஓஸ்வால்டே முனகினார். "கரெக்ட்... நான் ரோல்ல இல்ல... ஊசி போடாதீங்க டாக்டர்... ரூல் ரூல்தான்."

"சார், சும்மா இருங்க!" என்று பியாட்ரிஸ் அதட்டினாள். அவர் மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் இவர் குரல் இல்லாமல் போய்விடுமோ என்று நினைத்தவள் டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாக்டர், நீங்க போடுங்க, நான் பாத்துக்கறேன்!"

"மாட்டேன்... கையை மடக்கிக்குவேன்..." என்றார் ஓஸ்வால்ட். சொன்னபடி மடக்கியும் கொண்டார்.

பச்சைமுத்து மெல்லக் குனிந்தான்.

"சார், எனக்கு இன்னிக்கு ஸ்வல்ப காலு வலி. ஒரு பதிலாளு வேணும். ரூல் கீது. நீங்க எழுதுனதுதான். அந்த வேலைக்கு வரீங்களா?"

ஓஸ்வால்ட் கண்ணைத் திறந்தார். சாகிற நேரத்திலும் அந்த மூளை விதியை ஒரு முறை சரிபார்த்தது. "அனுபவம்... இல்லையே..."

"மரம் ஏறத் தெரியுமா?"

"தெரியாது..."

"அப்போ நீங்கதான் சரியான ஆளு. திருடத் தெரியாதவரு." பச்சைமுத்து டாக்டர் பக்கம் திரும்பினான். "பிட்னஸ் பாருங்க சாமி. சார், உக்கார முடியுமா?"

"உக்கார..." ஓஸ்வால்டின் கண்ணோரம் நனைந்தது. மடக்கிய கையை நீட்டினார். "உக்கார முடியும்."

ஊசி ஏறியது. வேன் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது.

நடக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வாரமே ஓஸ்வால்ட் வந்துவிட்டார். வைத்தியம் வாங்கியாயிற்று, காவல் பாக்கி நிற்கிறது என்றார். யார் சொல்லியும் கேட்கவில்லை. புதன்கிழமைதோறும் கோட்டும் தொப்பியுமாகப் பலாமரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னத்தாயி மதிலோரம் வந்து பழத்தை ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் போவாள். அவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்வார், பழத்தை மட்டும் தர மாட்டார்.

அப்படி ஒரு புதன்கிழமை கேட்டில் ஒரே கூச்சல். நீலசந்திராப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்று கதறினாள். மூத்தவன் விளையாட்டாகக் குழந்தையின் மூக்கில் துவரம்பருப்பைத் திணித்துவிட்டான். அது ஊறி உப்பிவிட்டது. குழந்தைக்கு மூச்சுத் திணறியது.

"கம்பெனி ஆளாம்மா?" என்று ஜெயவேலு கைகளை விரித்து வழி மறித்தான். பியாட்ரிஸ் டிஸ்பென்சரியிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் நாற்காலி சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

"ஜெயவேலு! உள்ள விடுப்பா!" ஓஸ்வால்ட் தொப்பி பறக்க வந்துகொண்டிருந்தார். "அது என் பதிலாளு!"

பியாட்ரிஸ் குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கி மேசையில் கிடத்தினாள். டாக்டர் இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். பழக்க தோஷம், கேட்டும் விட்டார்.

"சார், பிட்னஸ்ல என்ன எழுதறது? இது இன்னும் உட்காரவே ஆரம்பிக்கலையே!"

"அதனால என்ன?" என்றார் ஓஸ்வால்ட் மூச்சு வாங்கியபடி. "படுத்துக்கிட்டே பார்க்கட்டும்."

இடுக்கி உள்ளே போய்ப் பருப்போடு வெளியே வந்தது. புதிய காவலர் கூரை அதிரும்படி அழ ஆரம்பித்தார்.