ரெண்டு நிமிச மாமா

அருப்புக்கோட்டை பஜாரில் கிறிஸ்டோபரின் ரேடியோக் கடைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அங்கே சாமான் வாங்கப் போனால் அதன் பெயரை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். "ஒரு பிலிப்சு ரேடியோ குடுங்கண்ணாச்சி" என்று கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் பில் போடும்போது "பிலிப்ஸ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். தறிக்காரர்கள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள். அப்போதும் கடைசியில் ஓர் 'உ' ஒட்டிக்கொண்டுதான் வரும். பஸ்ஸு, லோனு, நேசனலு என்று எந்த இங்கிலீஷ் வார்த்தையாக இருந்தாலும் ஒரு வாலை ஒட்டிவிட்டால்தான் இந்த ஊர் வாயில் அது தங்கும். வால் ஒட்டுவதை அவர் எப்படியோ பொறுத்துக்கொண்டார். வாலை வெட்டுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது 1987 ஆகஸ்டு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அவருடைய ஒரே மகள் ஜெப ஷீலா கடையின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து கேசட் பதிந்துகொடுப்பாள். பாட்டு லிஸ்டையும் காலி கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் தயாராக இருக்கும். அவளுக்கு இருபத்து நாலு வயது. அதற்குள் வந்த இரண்டு வரன்களையும் அவளே வேண்டாமென்று சொல்லியிருந்தாள். ஒருத்தன் பேசவே இல்லை, இன்னொருத்தன் நிறுத்தவே இல்லை. அதனால் மூன்றாவது வரன் வந்தபோது அவள் அம்மா ஞானப்பூ மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினாள்.

மாப்பிள்ளை செல்வதுரை திருச்சுழிக்காரன். பேங்காக்கில் ஒரு சர்தாரின் ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். இனிமேல் ஊர்தான் என்று முடிவு பண்ணித் திரும்பி வந்து, திருச்சுழியிலேயே ஒரு துணிக்கடை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மத்தியானம் அம்மாவோடு பெண் பார்க்க வந்தான். கையில் ஒரு குடை, ஒரு டப்பா தைலம், ஒரு கேசட். கேசட்டில் தன் ஊர்க் கோயில் பிள்ளைகள் பாடிய பாட்டுகளைத் தானே பதிந்திருப்பதாகச் சொன்னான். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற ஜெப ஷீலாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தொழில் தெரிந்த பரிசு என்று நினைத்துக்கொண்டாள்.

கிறிஸ்டோபர் தனக்குத் தெரிந்த பேச்சையே ஆரம்பித்தார். அங்கே என்ன டேப் ரிக்கார்டர் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

"நேச்சனேன்."

"எதுங்க?"

"நேச்சனேன், மாமா. அங்க எல்லா வீட்லயும் அதுதான். ஃபிலிப்பும் உண்டு."

அந்தக் கம்பெனிப் பெயர்களை இருபது வருஷமாக வேத வசனத்தைப் போல ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி வந்தவர் கிறிஸ்டோபர். அவருடைய வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் நேஷனலைக் காலை ஒடித்துப் போட்டிருந்தான்.

ஞானப்பூ பேச்சை மாற்றினாள். முதலாளி எப்படி, நல்லமாதிரியா என்று விசாரித்தாள்.

தங்கமான மனிதர் என்றான் செல்வதுரை. "அவருக்கு ஒரு கொறையும் இல்ல அத்தை. ரெண்டு பென் வச்சிருந்தாரு. ஒண்ணு புதுசு. பழசை ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுப்பாரு."

ஞானப்பூ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவன் அம்மா அவனைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. சர்தார் வைத்திருந்தவை இரண்டும் பென்ஸ் கார்கள்தான் என்று எல்லோருக்கும் விளங்க ஐந்து நிமிஷம் பிடித்தது. அதற்குள் செல்வதுரைக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வேர்க்கிற மனிதனை அதோடு விட்டிருக்கலாம். ஞானப்பூ இரக்கப்பட்டு, தனியாக இருந்தீர்களே, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டுவைத்தாள்.

"கடை விட்டு வந்தா அலுப்பா இருக்கும் அத்தை. சமைக்கல்லாம் ஏலாது. மாமாவச் சுடுதண்ணில போட்டு மூடி வச்சிருவேன். ரெண்டு நிமிசத்துல வெந்துரும்."

கிறிஸ்டோபர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

அது சேமியா மாதிரி ஒரு பாக்கெட் சாமான், ஒரு கம்பெனி போட்ட பெயர் 'மாமா', இப்போது எந்தக் கம்பெனிச் சேமியாவாக இருந்தாலும் அந்த ஊரில் மாமாதான் என்று அவன் விளக்க விளக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கதவுக்குப் பின்னால் ஜெப ஷீலாவால் தாங்க முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். செல்வதுரை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படவில்லை, அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. இவனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை ஆசையாக வந்தது. அப்படி ஓர் ஆசை தனக்கு வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

ஆசை ஒரு நாள்தான் நிம்மதியாக இருந்தது. திங்கட்கிழமை எதிர்க்கடை சங்கரபாண்டியன் வந்தார். ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர். ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்து போனாலும் அவர் கணக்கில் வந்துவிடும். மாப்பிள்ளை கொண்டுவந்த குடையை விரித்துப் பார்த்தார், தைலத்தை முகர்ந்து பார்த்தார். இதெல்லாம் மெட்ராஸ் பர்மா பஜாரில் கிடைக்கிற சாமான்தானே என்றார். துபாயில் இருப்பதாகச் சொல்லிக் கல்யாணம் பண்ணிய ஒருவன் பம்பாயில் துணி தேய்த்துக்கொண்டிருந்த கதையை எடுத்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், ஆறு வருஷம் பாரினில் இருந்தவனுக்கு நேசனலு என்று சொல்ல வராதா?

அந்தக் கேள்வி கிறிஸ்டோபருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள் என்று ஒரு மாப்பிள்ளையிடம் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. தரகரிடம் பட்டும் படாமலும் விசாரித்தார். அது புதுப்பிக்க மெட்ராஸ் ஏஜென்ட்டிடம் போயிருக்கிறது என்று பதில் வந்தது. அது போதாதா? செவ்வாய்க்கிழமை காலையில், இந்த இடம் சரிப்படாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். தரகர் அடுத்த தடவை வரும்போது குடையையும் தைலத்தையும் கேசட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்றும் முடிவானது.

ஜெப ஷீலா அப்பாவிடம் சண்டைக்குப் போனாள். ஒரு டேப் ரிக்கார்டர் பெயரைச் சொல்லத் தெரியாதது ஒரு குற்றமா என்று கேட்டாள்.

"பேரு தெரியாதது தப்பில்ல தாயி," என்றார் அவர். "போகாத ஊருக்குப் போனேம்னு சொல்றது தப்பு. இன்னிக்கு இதச் சொல்றவுக நாளைக்கு எதச் சொல்லுவாகன்னு நான் எங்க போயித் தேட?"

அது நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்தவள், கேசட் உறை ஒன்றின் பின்பக்கம் அவன் சொன்னதை எல்லாம் எழுதிப் பார்த்தாள். நேஷனல், நேச்சனேன். பிலிப்ஸ், ஃபிலிப். பென்ஸ், பென். வாடிக்கையாளர் பாட்டு லிஸ்டை ஆராய்வதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வரும் 'ஸ்' உதிர்ந்துபோகிறது. கடைசியில் வரும் 'ல்' 'ன்' ஆகிவிடுகிறது. நாம் வால் ஒட்டுகிற இடத்தில் பேங்காக்கில் வெட்டுகிறார்கள். பொய் சொல்லுகிறவன் இத்தனை ஒழுங்காகத் தப்புச் சொல்வானா?

இதை அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, தப்பில் என்ன ஒழுங்கு வேண்டிக்கிடக்கிறது என்று உறையைத் திருப்பிக் கொடுத்தார். அத்தோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. தரகர் மட்டும் ஒரு சேதி சொல்லியனுப்பினார். மாப்பிள்ளை வீட்டில் கோபமில்லையாம். சாமான்களைத் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளட்டும் என்று செல்வதுரை சொன்னானாம். அதைக் கேட்டு ஜெப ஷீலாவுக்கு அழுகை வந்தது. கிறிஸ்டோபருக்கு ரோஷம் வந்தது. கட்டாயம் திருப்பித் தரத்தான் வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் தரகர் வருவதாக இருந்தது. மத்தியானம் கடையில் ஆளில்லை. வெயிலுக்கு பஜாரே கதவைச் சாத்தியிருந்தது. கிறிஸ்டோபர் ஒரு டிரான்சிஸ்டருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். ஜெப ஷீலா குடையையும் தைலத்தையும் ஒரு பையில் போட்டாள். கேசட்டைப் போட மனம் வரவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, டெக்கில் சொருகினாள்.

முதல் பக்கம் முழுக்கப் பாட்டு. இரண்டாவது பக்கத்தில் பாதியிலேயே பாட்டுகள் முடிந்துவிட்டன. பிள்ளைகளில் ஒன்று இருமியது, பிறகு டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் பைக்குள் போட வேண்டும், போட்டால் எல்லாம் முடிந்துபோகும். அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா ஓடவிட்டாள்.

கேசட் பதிகிற அவளுக்கு அடுத்து நடந்தது என்ன என்று உடனே புரிந்தது. பழைய கேசட்டின் மேல்தான் அவன் பாட்டைப் பதிந்திருக்கிறான். பாட்டு முடிந்த இடத்துக்கு அப்புறம் பழசு அழியாமல் அப்படியே கிடந்தது. ஏதோ ஒரு ரேடியோ. ஒரு பெண் புரியாத பாஷையில் சரசரவென்று பேசினாள். ஒரு மேளம் அடித்தது. ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். பாட்டின் கடைசியில், தேன் ஒழுகுகிற குரலில், எல்லோருமாகச் சொன்னார்கள்: "நேச்சனேன்."

கிறிஸ்டோபர் ஈயக்கோலைக் கீழே வைத்தார். பின்னால் ஓட்டி மறுபடியும் போடச் சொன்னார். போட்டாள். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவையும் அந்தப் பெண்கள் நேஷனலின் காலைக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் ஒடித்தார்கள்.

"வெளம்பரத்துலயே இப்படித்தான் சொல்றானா?" என்றார் அவர், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல.

அடுத்த விளம்பரத்தில் குழந்தைகள் "மாமா, மாமா" என்று கத்தின. அவர் முகம் லேசாகத் தளர்ந்தது. ஆனாலும் சங்கரபாண்டியன் கிளப்பிவிட்ட சந்தேகம் அவரை விடவில்லை. இந்தக் கேசட்டும் பர்மா பஜாரில் கிடைக்கலாம் இல்லையா என்று இழுத்தார். அப்போது மறுபடியும் டக்கென்று சத்தம் கேட்டது. ரேடியோ நின்றது. ஓர் அறைக்குள் ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம். பிறகு செல்வதுரையின் குரல், தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

"கோயில். வயல். கால். வெயின்… சே. வெயில். வெயில்லு. திருச்சுழில நல்ல வெயின்… ஏலே, வெயில்லு. வெயில்லு."

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓடியது.

"நாக்கு ஒட்டவே மாட்டேங்கு. இந்தூர்ல யாருகிட்டத் தமிழ் பேச? ஊருக்குப் போயி வெயின்னு சொன்னா அம்மா அழுதுரும். கோயில். வயல். வெயில். பால்…"

அவன் நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப்போல ஒவ்வொரு வார்த்தையாக, தப்பினால் திரும்ப ஆரம்பித்து, கேசட் முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் டெக்கின் பொத்தான் தானாக மேலே எழும்பியது. ஜெப ஷீலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"வயலும் வெயிலும் இங்கன படிச்ச வார்த்தை, அதத் திருப்பி எடுத்துக்கிட்டாக," என்றாள். "டேப்பு, காரெல்லாம் அவுக மொதமொதல்ல பாத்ததே அங்கதானப்பா. பேரையும் அங்கனதான படிச்சிருக்காக? அதத் திருத்தணும்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

கிறிஸ்டோபர் எழுந்து சட்டையைப் போட்டார். கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். புதன்கிழமை மத்தியானத்தில் அந்தக் கடை சாத்தியதைப் பார்த்து, எதிர்க்கடையிலிருந்து சங்கரபாண்டியன் என்ன விசேஷம் என்று கேட்டார். கிறிஸ்டோபர் அவரை நேராகப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, "நேச்சனேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப் போவார்களா என்று ஞானப்பூ வாசலில் மறித்தாள். தரகர் வேலையை நாமே செய்தால் இப்படித்தான் என்று கிறிஸ்டோபர் சொல்லி அவளையும் சேர்த்துக்கொண்டார். மூன்று பேரும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினார்கள். குடையும் தைலமும் கடையிலேயே கிடந்தன. கேசட் மட்டும் ஜெப ஷீலாவின் கைப்பைக்குள் இருந்தது.

செல்வதுரை லுங்கியோடு வாசலில் நின்று, புதுக்கடைக்கு வாங்கிய பலகைகளை இழைத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் இழைப்புளி கையிலிருந்து நழுவியது. சாமான்களைத் திருப்பித் தரத்தான் குடும்பமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது, முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் மரியாதை தவறாமல் நாற்காலியை எடுத்துப் போட்டான்.

"உக்காருங்க. நல்ல வெயில்லு," என்றான். அந்தக் கடைசி எழுத்தில் நாக்கை ஒட்டி, நிதானித்து, வாலையும் சேர்த்துச் சொன்னான். ஜெப ஷீலா அதைக் கேட்டாள். அவள் அப்பாவும் கேட்டார்.

கிறிஸ்டோபர் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னய மன்னிச்சிருங்க மாப்பிள்ளை," என்றார். "ரெண்டு நிமிசத்துல வெந்துரும்னீக. இந்த மாமா வேக பத்து நாளாயிருச்சு."