பத்து மணி ஆறு நிமிடத்துக்கு எழுதிய வரி

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை மின்னல் என்று கூப்பிட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முன்பெல்லாம் நோயாளியின் பதிவை ஒருவர் திறந்தால் மற்றவருக்கு அது பூட்டிக்கொள்ளும்; 'காத்திருக்கவும்' என்று திரையில் வரும். காத்திருக்க யாருக்குப் பொறுமை? கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால் ஆளாளுக்கு அவள் உயிரை வாங்கினார்கள். பூட்டை எடுத்துவிட்டாள். வேலை பறந்தது. பெரிய டாக்டரே கைகுலுக்கினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். முகம் வீங்கி, மூச்சுத் திணறி, நல்லவேளையாகப் பிழைத்தார். பதிவில் 'ஆகாத மருந்து' என்ற இடம் காலி. பழி வார்டு நர்ஸ் தலையில் விழுந்தது.

யார் எப்போது பதிவைத் திறந்து என்ன சேமித்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானே குறித்துவைக்கும் கணக்கை அன்றைக்கே மின்னல் துழாவிப் பார்த்தாள். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு வரவேற்பில் இருந்த பெண் ஃபோன் நம்பரை மாற்ற அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். பத்து ஆறுக்கு நர்ஸ் அதே பக்கத்தைத் திறந்து 'பென்சிலின் ஆகாது' என்று எழுதிச் சேமித்திருக்கிறார். பத்து ஒன்பதுக்கு வரவேற்பில் சேமித்தபோது, அங்கே திறந்திருந்த பழைய பக்கம் முழுசாக வந்து நர்ஸ் எழுதியதன்மேல் உட்கார்ந்து அதை அழித்துவிட்டது. பூட்டு இருந்திருந்தால் நர்ஸ் மூன்று நிமிடம் காத்திருந்திருப்பார். அவ்வளவுதான்.

நர்ஸ் மேல் தப்பில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் பூட்டை மட்டும் திரும்பப் போட்டுவைத்தாள். அதில் கெட்டிக்காரி!

புதன்கிழமை நர்ஸே அவளைத் தேடி வந்தார்.

"நான் எழுதினேன்னு எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொன்னேம்மா. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. மறந்துட்டேன் போல. வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுக்கப்போறேன். உன் கம்ப்யூட்டர் மேல வேற தப்பு சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத."

மன்னிப்பு! அதுவும் அவளிடம்! வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது.

"நீங்க எழுதினீங்கக்கா," என்று அந்தக் கணக்கு இருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். "நான் பூட்டை எடுத்ததாலதான் அழிஞ்சுபோச்சு. திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். வாங்க, பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தாள். நர்ஸ் திட்டக்கூட இல்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எழுதியிருக்கேன்ல? நான் எழுதியிருக்கேன்!" கண்ணீர் வழிய மின்னலின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்மா."