தையல்கார அக்காவின் கையெழுத்து

மதத்தை அவமதிக்கும் படத்தைத் தடை செய்யக் கோரும் மனுவுக்கு இருநூறு கையெழுத்து வேண்டும் என்றார் மாமா. கிடைத்தது நூற்று அறுபதுதான்.

"படத்தப் பாத்தீங்களா மாமா?"

"சாக்கடைன்னு தெரிஞ்சுக்க அதுல குளிக்கணுமா? மிச்சத்த நீ போடு. உனக்குத்தான் விதவிதமா எழுத வருமே."

மாமா என்னைப் பாராட்டியது அதுவே முதல் முறை. பேனாவை மாற்றி மாற்றி, தெருக்காரர்கள் நாற்பது பேருக்கும் நானே போட்டேன்.

எங்கள் ஊருக்கு வரும் முன்பே படம் நின்றது. தியேட்டர்காரர் மனுவின் நகலை வாசல் கண்ணாடியில் ஒட்டினார்.

மறுநாள் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா மூச்சிரைக்க வந்தாள். அந்தப் படத்தின் கதாநாயகிக்கு நீலக் கோட்டு தைத்தவள் அவள்தான். அதைத் திரையில் பார்க்க நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என் பேரும் இருக்காம்டி. தச்சவளே தடை கேட்டாளான்னு சிரிக்கிறாங்க. எனக்குக் கைரேகை வைக்கத்தானே தெரியும்? நீ வந்து சொல்லுடி, உன்ன நம்புவாங்க."

போனேன். "அக்காவுக்கு எழுதத் தெரியாதுங்க" என்று தியேட்டர்காரரிடம் சொன்னேன்.

"அப்ப இதப் போட்டது யாரு?"

அக்கா முந்திக்கொண்டாள். "இந்தப் புள்ளைக்கு எப்படிங்க தெரியும்?"

நானும் தெரியாது என்று தலையாட்டினேன். வீடு வரும்வரை அக்கா எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள்.