மூலையில் ஒரு ராஜா

மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கூடத்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை மாடியேறிச் சண்டை போட்டு அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "உனக்குத்தான் பேச வரும்" என்று கணவன் ஒவ்வொரு முறையும் நழுவிவிட்டான்.

இருவரும் சதுரங்கம் ஆடினார்கள். ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டிருந்தன. அவளுடைய ராஜா நடுக்கட்டத்துக்கு நடந்து வந்து அவனுடைய சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்றது. அவனுடைய ராஜாவோ மூலையில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தது.

"ராஜாவைப் போய் யாராவது நடுவுல விடுவாங்களா? பத்திரமா இருக்க வேணாமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரம்பிய வாளியைத் தூக்கி அவன் காலடியில் நங்கென்று வைத்தாள்.

"ராணிதான் போயாச்சே! இனி யாரு பின்னால ஒளிஞ்சுக்குவீங்க? எந்திரிங்க, ராஜா மாடியேறட்டும்."