செங்காய்

பறிப்புத் தொடங்கி நாற்பத்தொரு நாள். ஒன்றுவிட்டு ஒருநாள் என்று பார்த்தால் இருபத்தொரு பறிப்பு. அதில் இருபதை அவள் ஒருத்தியே பறித்திருந்தாள். பாத்தி கட்டுவது, குச்சி நடுவது, மருந்தடிப்பது, பெட்டி சுமப்பது எல்லாம் புருஷன் முகம் சுளிக்காமல் செய்வான். தக்காளி பறிக்கக் கூப்பிட்டால் மட்டும் மோட்டாரைப் பார்க்கணும் என்று நழுவிவிடுவான்.

நேற்று அவளுக்கு இடுப்பு நிமிரவே இல்லை.

"இன்னிக்கு ஒரு நாள் நீங்க போங்க. அடியில லேசாச் சிவப்பு ஏறியிருந்தா பறிக்கணும், அவ்வளவுதான்" என்று அனுப்பிவைத்தாள். வண்டி இரண்டு நாள் ஓடவேண்டும் என்பதால் வியாபாரிக்குச் செங்காய்தான் வேண்டும். புருஷன் எட்டுப் பெட்டி நிரப்பினான். வியாபாரி ஒரு பெட்டிக்குள் கையை விட்டுப் புரட்டினான்.

"என்னண்ணே, பச்சைக்காய், கனிஞ்ச பழம்னு கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி எல்லா வயசும் இருக்கு?"

எட்டும் திரும்பி வந்தன. புருஷன் வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். பழையபடி மக்காச்சோளமே போடலாம் என்று அவன் முணுமுணுக்க ஆரம்பித்துப் பத்து நாளாகிறது.

இன்று தோட்டக்கலை அலுவலகத்துப் பெண் படிவத்தோடு வந்துவிட்டாள். அடுத்த பருவமும் காய்கறி என்று அவன் கையெழுத்துப் போட்டால் அலுவலகம் போட்டுக் கொடுத்த சொட்டுநீர்க் குழாய் நிலத்தில் இருக்கும். இல்லாவிட்டால் சுருட்டி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வாய்க்காலில் பாய்ச்சத் தண்ணீர் பத்தாது, வானத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான்.

"வேண்டாம்மா, சோளமே போட்டுக்கிறோம்" என்றான் அவன்.

"காரணம் எழுதணும் அண்ணா. தண்ணி பத்தலையா?"

"ஆமா, தண்ணி."

"தொட்டி ரொம்பி வழியுது" என்றாள் மனைவி.

"விலை கட்டலையா?"

"அதுவும்தான்."

"சோளத்துக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கிறாங்களாக்கும்."

"பூச்சி வேற..."

"என்ன பூச்சி? சோம்பேறிப் பூச்சியா?"

அலுவலகத்துப் பெண்ணின் பேனா படிவத்துக்கு மேலேயே நின்றது. "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கண்ணா."

மனைவிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வரப்பில் உட்கார்ந்தாள்.

"புருஷனுக்குக் குனிய உடம்பு வணங்கலன்னு எழுதிக்கம்மா. எனக்கு மட்டும் இடுப்பு இரும்புல செஞ்சது." பிறகு அவனைப் பார்த்தாள். "வேணும்னேதான் கெடுத்தேன்னாவது சொல்லிருங்க. பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திட்டேன். இதையும் தாங்கிக்கிறேன்."

அவன் பக்கத்துச் செடியில் ஒரு காயைத் தொட்டுப் பார்த்தான்.

"சோளம்னா மேல்தோலைத் தொட்டாப் போதும். முத்திருச்சான்னு கை சொல்லிரும்" என்றான். "இதுல கை சொல்ல மாட்டேங்குது."

"கண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

அவன் குரல் இறங்கிப்போனது.

"எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒரே நிறமாத்தான் தெரியும். சின்ன வயசுலருந்தே."