இருநூறு கோழிகளின் பசி

சத்துக் குறைந்தால் கோழி கோழியையே தின்னும். நம்பாதவர்கள் கட்டுகஸ்தோட்டை ஊருக்கு மேலே பெற்றீசியாவின் கோழிக்கூட்டை அன்று எட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பேடு விழுந்து கிடந்தது. உயிர் இன்னும் போகவில்லை. ஆறேழு கோழிகள் அதன் பின்புறத்தைக் கிழித்துக் குடலை இழுத்துக்கொண்டிருந்தன. விடிந்ததிலிருந்து அது ஐந்தாவது.

தீனி மூட்டை விலை ஏறியபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது. வெறும் தவிட்டில் என்ன இருக்கிறது? அப்போதுதான் அவள் சந்தையில் அழுகிய மரக்கறியை அள்ளி வந்து, மூன்று தொட்டிகளில் கறுப்பு ஈயின் புழுவை வளர்த்தாள். நல்ல கொழுத்த புழு. தின்ற கோழிகள் அடங்கின, முட்டையும் கூடியது. புருஷன் அம்புறோஸ் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த இருநூறு கோழிகள்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால், மூன்று தொட்டியிலும் மண்ணெண்ணெய் நாற்றம். ஒரு புழு மிஞ்சவில்லை. எந்த நாசமாய்ப் போனவன் செய்தான் என்று தெரியாமல் நான்கு நாளாக வெந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் கொழுந்தன் லக்ஸ்மன் தன் கடைக்கு முட்டை எடுக்க வந்தான். வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தானா, படுபாவி!

"இனிமே நல்ல முட்டை குடுப்பீங்கதானே அண்ணி? புழு முட்டைன்னு கடையில ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க. அதான் ஒரு போத்தல் எண்ணெயில கதைய முடிச்சேன்."

சிரிக்க வேறு செய்தான்.

பெற்றீசியா அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

கையில் கிடைத்தது மண்வெட்டி. பிடியால் ஓங்கி ஒரு போடு. நெற்றி பிளந்தது. அவன் பாய்ந்து அவள் கூந்தலைப் பிடித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள், வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. திறந்திருந்த கூட்டுக்குள் அவனை எட்டி உதைத்துக் கதவைத் தாழிட்டாள்.

ரத்தம் கண்ட கோழிகள் சும்மா விடுமா? நெற்றியில் ஏறின, காதைப் பிய்த்தன.

"அண்ணி! கண்ணக் கொத்துதுங்க! தொறங்க!"

"கொத்தட்டும்! நாலு நாளா வெறும் தவிடுடா அதுங்களுக்கு!"

அலறல் கொஞ்ச நேரத்தில் அழுகையானது. ஆத்திரம் ஒருபுறம் இருந்தாலும், கூடப் பிறக்காத தம்பி அல்லவா? திறக்கத்தான் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்தபடி உள்ளே பார்த்தாள். ஒரு கோழிகூட இன்னொரு கோழியைக் கொத்தவில்லை.

கையை எடுத்துவிட்டாள்.